உன் ஷெட்டை ஒழுங்குபடுத்தியது நான்தான்

கரிக்கலாம்பாக்கம்
புரட்டாசி 26, ஞாயிறு

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், மாடு இரண்டும், போன மாதம் பிறந்த கன்றும் சுகம். புனேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, மழையில் நனையாமல், கம்பெனியில் நல்ல பெயரோடு இருக்க வேண்டும் என்று வில்லியனூர் கோகிலாம்பாள் அம்மனை நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ போன் செய்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது உனக்கும் தெரியும், நீயும் என்னைக் கேட்பதில்லை, நானும் வாயைத் திறப்பதில்லை, பதினான்கு மாதம் இப்படியே ஓடிவிட்டது. இப்போது சொல்ல வேண்டியதை உன் அம்மா பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாது. அவள் பாகூரில் உன் மாமா பாக்யராஜ் வீட்டு வளைகாப்புக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம்தான் வருவாள். மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பலகை ஆடுகிறது என்று எடுத்துக்கொள்.

சம்பா நட்டு இருபது நாள் ஆகிறது, பச்சை பிடித்துவிட்டது, ஆனால் இலைச்சுருட்டுப் புழு தெரிகிறது. கிழக்கே இருந்த இரண்டு காணியிலும் மனைக்கட்டுக் கல் நட்டுவிட்டார்கள், அதனால் தண்ணீர் வடிய வழி இல்லாமல் நம் வரப்பில்தான் வந்து முட்டுகிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். விஷயத்துக்கு வருகிறேன். நீ பூட்டிவிட்டுப் போன கார் ஷெட்டை நான் திறந்துவிட்டேன். திறந்தது மட்டும் இல்லை, ஒழுங்குபடுத்தியும் விட்டேன். செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்கு இந்த நிமிஷம் வரை பிடிபடவில்லை.

நீ இருந்த வருஷங்களில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஒவ்வொரு ஸ்பேனரையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பாய். போன வருஷம் நீ போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, நானும் வீம்பாக அந்தப் பக்கம் போகவில்லை, உன் சாமான்கள் பூஜை இல்லாமலே கிடந்தன. இந்த வருஷமும் இரும்பை அப்படியே போட்டு வைக்க மனசு கேட்கவில்லை. அம்மாவிடம் சாவியை வாங்கித் திறந்தேன். கார் சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. உன் மாருதி நான்கு கட்டையின் மேல் சக்கரம் இல்லாமல் நின்றது. சுவர் ஓரமாக ஹார்லிக்ஸ் பாட்டிலும் டப்பாவுமாக இருபத்து மூன்று, எல்லாவற்றிலும் போல்ட்டும் நட்டும், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து. ஒரே டப்பாவில் பெரியதும் சின்னதும் கலந்து கிடந்ததைப் பார்த்து, இவ்வளவு படித்த பிள்ளை இப்படியா போட்டு வைப்பாள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்து, பெரியது ஒரு வாளி, நடுத்தரம் ஒரு வாளி, சின்னது ஒரு வாளி என்று பிரித்து வைத்தேன். இரண்டு நாள் வேலை. சீட்டுகளையெல்லாம் குப்பையோடு வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். உன் அம்மாகூட வந்து பார்த்து, வூட்டையும் ஒரு நாளாவது இப்பிடிச் சுத்தம் பண்ணக் கூடாதா என்று கேட்டாள்.

இதில் இன்னொன்று. காருக்குள் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வளைந்த இரும்புப் பைப் ஒன்று கிடந்தது. மேல்முனையில் கறுப்பு ரப்பர் பிடி, கீழ்முனையில் பட்டை வைத்து இரண்டு ஓட்டை. கையில் எடுத்தால் இடது கைக்குச் சொல்லி வைத்தாற்போல் உட்கார்ந்தது. முதுகில் மாட்டி அடிக்கும் என் மருந்து டேங்க்கின் கைப்பிடி விரிசல் விட்டுக் கம்பி சுற்றி வைத்திருந்தேனே, அதை நீ பார்த்துக்கொண்டிருந்தாய் அல்லவா, எனக்காகத்தான் புதுக் கைப்பிடி வெல்டிங் செய்து வைத்துவிட்டுக் கோபத்தில் கொடுக்காமல் போய்விட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். மண்வெட்டி, அரிவாள், மருந்து டேங்க்கோடு அதையும் வைத்துச் சந்தனம் பூசிப் படைத்தேன். மறுநாள் டேங்க்கில் மாட்டிப் பார்த்தால் நீளம் அதிகம். ரம்பம் வைத்து ஒரு ஜாண் அறுத்தேன், ஓட்டையையும் பெரிதாக்கினேன். அதை வைத்து நம் வயல் இரண்டு காணிக்கும் மருந்து அடித்துவிட்டேன். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் என் மகள் செய்து கொடுத்தது என்று காட்டினேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான், நாமும் ஏதாவது செய்வோமே, கழற்றி வைத்திருக்கும் கதவையாவது மாட்டி வைப்போம் என்று போனேன். ஒரே அளவாகத் தெரியும் போல்ட்டுகளில் ஒன்று முழுசாக ஏறுகிறது, இன்னொன்று இரண்டு சுற்றில் நின்றுவிடுகிறது, மூன்றாவது ஆடுகிறது. அரை நாள் போராடியும் ஒரு கீல்கூட உட்காரவில்லை. அந்தத் துண்டுச் சீட்டுகள் எது எங்கே போகிறது என்று நீ எழுதி வைத்தது என்று அப்போதுதான் உறைத்தது. உனக்குத் தெரிவதற்குள் சரி செய்துவிடலாம் என்று வில்லியனூருக்குப் போய் மெக்கானிக் சூசைநாதனைக் கூட்டிவந்தேன். அவர் மூன்று வாளியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், இன்னா கண்ணையா, புள்ள ரெண்டு வருஷமா பிரிச்சி வச்சத ரெண்டு நாள்ல ஒண்ணா ஆக்கிட்டியே, இத இனிமே அதுதான் வந்து பாக்கணும் என்றார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. காருக்குள் தலையை விட்டுப் பார்த்தவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு கேபிளைக் காட்டினார். இது கிளட்ச்சு கேபிளு, பெடல்லேந்து கழட்டி கியரு பக்கத்துல இட்டாந்துகீது, கால் வேலைய கையில செய்றதுக்கு, இதுக்கு வளைஞ்சாப்ல ஒரு பிடி இருந்திருக்கணுமே, எங்க என்று கேட்டார். பிடி வேப்பமரத்தில் மருந்து டேங்க்கோடு தொங்கிக்கொண்டிருந்தது. நான் தெரியாது என்றேன். அடுத்து அவர், இடது காலு வராதவங்களுக்குத்தான் இப்பிடி மாத்துவாங்க, ஒங்க வூட்ல யாருக்கு என்று கேட்டார். அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவரை வழியனுப்பக் கேட் வரைக்கும் நடந்தேன். அவர் என் நடையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து என் தலை ஒரு நிலையில் இல்லை. என்னை மூன்று தடவை அந்தக் காரில் வந்து உட்காரச் சொன்னாய். உன் வேலையைப் பார்த்து நான் மெச்ச வேண்டும் என்று கூப்பிடுகிறாய் என்றுதான் நினைத்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் நீ கிரீஸ் கையோடு காருக்கடியிலிருந்து எழுந்து வந்த அன்றைக்கு, இந்த ஓட்டக் காரையே கட்டிக்கினு குடும்பம் நடத்து என்று நான் சொன்னேன், அவர்கள் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகும் நீ வந்து, ப்பா, ஒரே ஒரு தரம் குந்திட்டுப் போ, வேற ஒண்ணும் கேக்கல என்றாய். எனக்கு இன்னா தலையெழுத்தா என்று கேட்டுவிட்டுப் போனேன். தர்ஷினி, நான் உட்காராததற்கு உன் மேல் கோபம் மட்டும் காரணம் இல்லை. டிரைவர் பக்கக் கதவில் ஏறினால் முதலில் இடது காலைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். அது தூக்க வராது. உன் எதிரில் கையால் பிடித்துத் தூக்கி வைக்க எனக்கு முடியவில்லை.

நீ அந்தக் காரைத் தொடுவதற்கு முந்திய வருஷம் கார்த்திகை மழையில் யூரியா மூட்டையோடு வரப்பில் சறுக்கினேனே, அதிலிருந்து அந்தக் கால் என் பேச்சைக் கேட்பதில்லை. இடுப்பிலிருந்து மரத்துப்போகிறது. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நடக்கும்போது எல்லோரையும் முன்னால் விட்டுவிடுவேன். இழுத்து நடப்பதற்குச் செருப்பு சரியில்லை என்பேன். போன மாதம் இடது கால் செருப்பு சேற்றில் கழன்றதே தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா கேட்டதற்குத் தையலம்மாள் வீட்டு நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொன்னேன். இவ்வளவு மறைத்த பிறகும் நீ பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் காரைப் பிரித்திருக்கிறாய். இதில் எனக்கு வெட்கமா, கோபமா, ஒன்றும் தெரியவில்லை. என் காலைப் பற்றி என்னைக் கேட்காமல் நீ எப்படி முடிவு செய்யலாம் என்று காலையில் கோபம் வருகிறது. கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லி உன்னைத் திட்டித்தான் இருப்பேன் என்று மத்தியானம் தோன்றுகிறது. ஐம்பத்தெட்டு வயதில் ஸ்டியரிங் பிடிக்கவும் பயமாக இருக்கிறது, விழுப்புரம் ரோட்டில் லாரி போகிற போக்கைப் பார்த்தால் எனக்கு டிவிஎஸ் வண்டியே போதும் என்று இருக்கிறது. ஆனால் அந்த வண்டியில் ஏற ஒரு கல்லைத் தேடி அதன் பக்கத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. நேற்று யாரும் இல்லாதபோது ஷெட்டுக்குப் போய்க் காலைக் கையால் தூக்கி வைத்து உட்கார்ந்து பார்த்தேன். சீட்டுக்கு அடியில் பலகை வைத்து உயர்த்தியிருக்கிறாய், என் கயிற்றுக் கட்டிலின் உயரமும் அதன் உயரமும் ஒன்றாக இருக்கிறது. அதை எப்போது அளந்தாய்? கொஞ்ச நேரம் அழுதேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறாள், நிறுத்துகிறேன்.

திங்கள், பகல். வேறு பிடி வெல்டிங் செய்து தருகிறேன் என்று சூசைநாதன் காலையில் ஆள் அனுப்பினார், சீட்டிலிருந்து கை எட்டும் அளவைக் கேட்டிருந்தார். நான் வேண்டாம், செய்தவளே செய்யட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம்தான், உனக்கும் அளவு தெரியாதே, அதற்குத்தானே என்னை வந்து உட்காரச் சொன்னாய் என்று யோசித்துச் சணல் கயிற்றை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். தனியாக அளக்க வரவில்லை. ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை நழுவுகிறது, குனிந்தால் கால் மடங்குகிறது. வேறு வழியில்லாமல் உன் அம்மாவைக் கூப்பிட்டேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டே இது இன்னாத்துக்கு என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாய் விஷயத்தையும் சேர்த்து. அவள் அந்த நாய்க்காகத் தையலம்மாளோடு சண்டை போட்டு ஒரு மாதமாகப் பேசாமல் இருக்கிறாளாம், எனக்குத் தெரியாது. என் வாயால அந்தப் பொம்பளைய இன்னா பேச்சு பேச வச்சிட்ட என்று கத்தினாள், பிறகு காருக்குப் பக்கத்தில் கட்டையில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வரும் வியாழக்கிழமை உன் மாமாவோடு என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாக முடிவு செய்திருக்கிறாள், மறுத்துப் பேசும் நிலையில் நான் இல்லை. அளவுக்கு நான் கயிற்றில் போட்ட முடிச்சு லூசாக இருக்கிறது என்று பிடுங்கி அவளே போட்டாள். அதற்கப்புறம் எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

வாளி மூன்றும் அப்படியே இருக்கின்றன, இனி ஒரு நட்டைக்கூடத் தொட மாட்டேன். எலிக்கு மருந்து வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் அலைய வேண்டாம், பொங்கலுக்கு வரலாம். அன்றைக்கு அத்தனை பேர் எதிரில் அப்படிப் பேசியது தப்பு. நீ நீண்ட ஆயுளோடு, கை நிறைய வேலையோடு, மனசுக்குப் பிடித்த வாழ்க்கையோடு இருக்க வேண்டும், அம்மாவின் ஆசியும் இதில் இருக்கிறது. வெல்டிங் செய்யும்போது கண்ணாடி போட மறக்காதே.

கவரில் இரண்டு கயிறு வைத்திருக்கிறேன், தூக்கிப் போட்டுவிடாதே. பெரியது சீட்டிலிருந்து என் இடது கை எட்டும் தூரம். சின்னது, உன் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, தரையிலிருந்து என் இடது கால் தூக்கும் உயரம். அம்மா மூன்று தடவை வைத்துப் பார்த்தாள். அவ்வளவுதான் வருகிறது, கூட்டிச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆ. கண்ணையன்