கோதுமைத் தகரத்தில் ஈரக் கை

அக்கா,

இன்று காலை நீங்கள் விட்டுப்போன பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன். காய்ந்த வேப்பிலையும் கோதுமையும் கலந்த அதே மணம். பாவாடையில் இரண்டு தரம் கையைத் துடைத்த பிறகுதான் உள்ளே விட்டேன். உங்கள் தம்பியின் கடிதம் வந்த பிறகு, இந்தத் தகரத்தைத் தொடும்போதெல்லாம் உங்களோடு கதைக்க வேண்டும்போல் இருக்கிறது. நீங்கள் இருந்தபோது நான் அதிகம் கதைத்தவளில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டின் பின்னறைக்கு நீங்கள் குடிவந்த மறுவாரமே, இரண்டு பெரிய பிஸ்கட் தகரங்கள் நிறைய முழுக் கோதுமை வாங்கி வந்தீர்கள். வெயிலில் காயவைத்து, இடையிடையே வேப்பிலை போட்டு நிரப்பினீர்கள்.

"தெரு முடக்கில கடை இருக்கேக்க ஒரு ஆளுக்கு இவ்வளவு ஏன் பிள்ளை?" என்று அம்மா கேட்டா.

"கடை இருக்கும் அன்ரி. திறந்திருக்குமோ?"

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. யாரையும் தகரத்தில் கைவைக்க நீங்கள் விடாததும் பிடிக்கவில்லை. "நானே அள்ளித் தாறன்" என்பீர்கள்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள் என்பதால் படிவங்கள் எல்லாம் என் பொறுப்பு. வந்து தங்குவோருக்கான பொலிஸ் பதிவுப் படிவத்தில் உங்கள் பெயரை எழுதியவளும் நான்தான். கொழும்புக்கு வந்த காரணம் என்ற இடத்தில் 'வைத்தியம்' என்று எழுதச் சொன்னீர்கள். ஆனால் சனிக்கிழமைக் கிளினிக்குக்கு நீங்கள் ஒருமுறைகூடப் போகவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். பொலிஸ் சோதனையில் உங்கள் அறையில் ஏதாவது அகப்பட்டால் அப்பாவைத்தான் முதலில் ஜீப்பில் ஏற்றுவார்கள். அவருடைய துறைமுக வேலைப் பாஸ் போய்விடும். அந்தப் பாஸில்தான் நாங்கள் ஐந்து பேரும் சாப்பிட்டோம்.

ஒரு சனிக்கிழமை நீங்கள் பக்கத்துக் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த நான், அப்படியே எழும்பி உங்கள் அறைக்குள் போனேன். முன்னால் இருந்த தகரத்தில் முழங்கை மறையும் வரை கையை விட்டு அடிவரை துழாவினேன். கோதுமை, வேப்பிலை, வேறொன்றும் இல்லை. நிம்மதி வரவில்லை. இங்கே இல்லையென்றால் வேறெங்கே வைத்திருக்கிறீர்கள் என்றுதான் யோசித்தேன்.

மூன்று வாரம் கழித்துக் குண்டு வெடித்து, நாலு நாள் ஊரடங்கு. கடைகள் பூட்டு. எங்கள் அரிசி முடிந்ததும் நீங்கள் அந்தத் தகரத்தைத் திறந்தீர்கள். கோதுமை கட்டி கட்டியாய்ப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

"ஈரக் கை பட்டிருக்கு" என்றீர்கள்.

"மழைக் குளிர்த்தியாக்கும்" என்றா அம்மா.

என் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஓம், மழையாத்தான் இருக்கும்" என்றீர்கள்.

மற்றத் தகரத்திலிருந்து அள்ளி ஊறவைத்து, பருப்போடு அவித்து, தேங்காய்ப்பால் விட்டு எல்லோருக்கும் இறக்கினீர்கள்.

"குதிரைக்குப் போடுற சாமான் மாதிரிக் கிடக்கு" என்றார் அப்பா.

"திண்டிட்டு ஓடிப் பாருங்கோ அங்கிள். உங்கட கப்பலை முந்திப் போடுவீங்கள்."

அப்பா மூன்றாம் தரமும் கோப்பையை நீட்டினார். எனக்குப் போடும்போது குனிந்து மெல்லக் கேட்டீர்கள்: "அடியில என்ன கிடைச்சது?"

நான் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

"பரவாயில்லை. நானும் உம்மட கொப்பியளைப் புரட்டிப் பாத்தனான். பொலிசுக்குப் பேர் எழுதிக் குடுக்கிற பிள்ளை, வேற என்ன எழுதுதோ எண்டு."

இருவரும் சிரித்தோம். ஆனாலும் நீங்கள் ஊர் திரும்பிய நாள்வரை நான் உங்களை நம்பவில்லை.

கொழும்புக்கு வந்தபோதே உங்களுக்கு இருந்த, வைத்தியம் பார்க்காமல் விட்ட வருத்தம்தான் உங்களைக் கொண்டுபோனது என்று தம்பி எழுதியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இரண்டு சோதனைச்சாவடிகள். யாழ்ப்பாண முகவரி போட்ட அடையாள அட்டையோடு, சிங்களம் தெரியாமல், தனியே பஸ் ஏறப் பயந்தீர்களாம். எனக்குச் சிங்களம் தெரியும். சனிக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருந்தேன். 'வைத்தியம்' என்ற அந்தச் சொல்லை என் கையாலேயே எழுதியிருந்தேன்.

பின்னறைக்கு நேற்று ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். படிவத்தில் வந்த காரணம், படிப்பு. எழுதி முடித்ததும் என் கண் அவளுடைய பெட்டிக்குத்தான் போனது. பிறகு, "நாளைக்கு வகுப்புக்கு நானும் கூட வாறன்" என்றேன். துணைக்கா, அவள் உண்மையில் வகுப்புக்குத்தான் போகிறாளா என்று பார்க்கவா, எனக்கே தெரியவில்லை அக்கா. ஆனால் போவேன்.