ஸலூஹா அக்காவிடம் நீயே சொல்

ஷெத்லி,

பத்து மணிக்கு ஸலூஹா அக்கா சிறைக்கூடையை எடுக்க வருவாள். உள்ளே இருக்கும் அவள் மகன் லஸ்ஸாதுக்கான மீன் குழம்பு பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது. ரொட்டியை மட்டும் நீ வாங்கி வை. முள்ளையெல்லாம் எடுத்துவிட்டேன், ஒன்று கிடந்தாலும் சிறை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உன் பங்கு சட்டியில். அதில் முள் எடுக்கவில்லை.

நேற்று நம் போராட்டக் கமிட்டியில் லஸ்ஸாதின் வழக்கை விட்டுவிட்டு ஆலைப் புகையை மட்டும் எடுப்பதென்று முடிவானபோது நீயும் கை தூக்கினாய். "எல்லாரும் ஓஞ்சு போயிட்டோம் நஜிபா, ஒண்ணத்தான் புடிக்க முடியும்" என்றாய். புகை நிஜம்தான், என் இருமலே சாட்சி. ஓய்ந்துபோனதும் நிஜம். ஆனால் நீங்கள் கழித்துக்கட்டிய சரக்குக்கு ஒரு தாய் இருக்கிறாள்.

நான் துணிக்கடைக்காரர் மகள். பேரம் படியாமல் எழுந்து போகிற வாடிக்கையாளரை அப்பா தெருமுனை தாண்ட விடமாட்டார், கூப்பிட்டுவிடுவார். நேற்று நானும் எழுந்து, மெதுவாகத்தான் நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை. நீ அடுத்த தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருந்தாய்.

ஸ்ஃபாக்ஸ் நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறேன். போராட அல்ல, தூங்க.

நஜிபா

பி.கு.: அக்காவுக்கு நேற்றைய முடிவு இன்னும் தெரியாது. முதலில் காபி கொடு, வெறும் வயிற்றோடுதான் வருவாள்.

இன்னொன்று: "இனி என் புள்ளைக்கு யாருப்பா இருக்கா?" என்று கேட்பாள். அப்போதும் கை தூக்கு, பார்க்கலாம்.