கல் மாதிரி டயர்

13 ஜூன் 1971
டிராக்டர் வந்துவிட்டது. இவர் மாலை போட்டார். என் கழுத்தில் போட்டபோதுகூட இவ்வளவு பக்தி இல்லை. வாரநாளில் துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டை கிடங்குக்கு மூட்டை இழுக்குமாம். ஞாயிற்றுக்கிழமை, சடையங்குப்பத்தில் அப்பா எனக்கு எழுதிவைத்த நிலத்தை உழுமாம். சர்ச் ஆராதனைக்கு லீவு.

4 ஜூலை
ரோட்டில் தேயக்கூடாதென்று ஒடுக்கமான டயர். அதில் கல்லாகக் காற்று. அப்படியே வயலில் இறக்குகிறார்கள். மழை பெய்ததும் சக்கரத் தடமெல்லாம் தண்ணீர் நிற்கிறது. நீச்சல் பழகலாம்.

22 ஆகஸ்ட்
நட்ட கத்தரிச்செடி மஞ்சளாகிவிட்டது. ஒன்றைப் பிடுங்கினேன். வேர் நாலு விரல் இறங்கி, சிமெண்டுத் தரையில் முட்டியதுபோல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. டிராக்டர் நுழையாமல், மண்வெட்டியால் கொத்திய வேலியோரத்தில் செடி இடுப்புயரம்.

"ஏளா சுகிர்தம், மண்ணு செத்துப்போச்சு. ஃபேக்டரிக்காரன் கேக்கான், கொடுத்துருவோம்."

கொன்றவரே இரங்கல் கூட்டமும் நடத்துகிறார்.

5 செப்டம்பர்
டிரைவர் ஹென்றியிடம், வயலுக்குள் நுழையுமுன் டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொன்னேன்.

"அண்ணாத்த பேஜார் பண்ணும்க்கா. காத்து கம்மியா லோடு இஸ்துகினு போனா டயரு கீஞ்சிடும்."

நியாயம்தான். காலையில் அடித்துவிடு என்றேன். டயர் வயிறு தள்ளி உட்கார்ந்தது. தடம் பாதி ஆழம்கூட விழவில்லை.

6 செப்டம்பர்
காற்றடிக்கப் போன ஹென்றியை இவர் விடவில்லை. நேரமாச்சாம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கத்தில் மூட்டையோடு டயர் கிழிந்தது.

"எறக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் சாப்பிட்டேன். இந்த நெலமும் போச்சுன்னா எனக்குன்னு என்ன இருக்கு?

12 செப்டம்பர்
இவர் என்னிடம் சொல்லாமல் நிலத்துக்குப் போயிருக்கிறார். ஹென்றி வந்து சொன்னான்: "கடப்பாறைய வச்சிகினு அங்கங்க குத்திப் பாத்தாருக்கா. வேலியாண்ட சர்ருனு எறங்கிச்சு. வண்டி ஓடன எடத்துல எறங்கவேயில்ல. அவரு மூஞ்சியே செத்துப்போச்சு."

மண்ணுக்குத் துணை கிடைத்தது.

3 அக்டோபர்
மூட்டைக்கு மாட்டுவண்டி. டிராக்டருக்கு அகலமான, பல் வைத்த டயர், அளவான காற்று. வயலுக்கு மட்டும். இறுகிய மண்ணை ஆள்விட்டு ஆழமாகக் கொத்துகிறார்கள். யார் யோசனை என்று கேட்டேன்.

"என் யோசனதான்."

இருக்கட்டும்.

16 ஜனவரி 1972
ஃபேக்டரிக்காரர் நிலம் பார்க்க வந்தார். பூட்ஸோடு கத்தரிப் பாத்தியில் இறங்கப் போனவரை இவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வரப்புல நில்லுங்க. மிதிச்சா மண்ணு இறுகிரும். வேர் எறங்காது."

விலை பேசத் தொடங்கியதும் என்னைக் காட்டினார். "நெலம் அவளுக்குள்ளது. அவகிட்ட கேளுங்க."

கேட்டார். ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொடுத்தனுப்பினேன்.