ஏப்ரலுக்குத் தள்ளிய சுவிட்ச்

மார்ச் 27, வெள்ளி

காலையிலேயே வேர்வை. வெள்ளவத்தையிலிருந்து கொலன்னாவைக்கு இரண்டு பஸ், இரண்டிலும் நின்றபடி. ஆண்டுக் கணக்கு முடிய இன்னும் நான்கு நாள். லாபம் போன வருடத்தைவிடக் கொஞ்சம் குறைகிறது. குறையக் கூடாதாம். எங்கள் சவர்க்காரக் கம்பனி வருடா வருடம் கூட்டித்தான் காட்டியிருக்கிறது. பங்குக்காரருக்கு அது பழகிவிட்டது.

கணக்காளன் என்று டைரக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "இந்த மாசம் செய்யாமல் விடக்கூடிய செலவு என்னென்ன இருக்கு? எல்லாத்தையும் ஏப்ரலுக்குப் போடும் தம்பி. செலவு எங்கயும் ஓடிப் போகாது."

ஏப்ரல் என்றால் அடுத்த ஆண்டுக் கணக்கு. களவு இல்லை. பொய்க் கணக்கும் இல்லை. தள்ளிப்போடுவது மட்டும்.

தள்ளியவை: பெயர்ப் பலகைக்குப் பெயிண்ட், ஊழியர் பயிற்சி, கன்டீன் மேசைகள், சவர்க்காரத்துக்கு அச்சுக் குத்தும் மெஷினின் சர்வீஸ். கூட்டிப் பார்த்தேன். லாபம் தப்பியது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தோசை மா வாங்கினேன். மனுசி சொன்ன தைலம் மறந்துபோனது.

மார்ச் 30, திங்கள்

பின்னேரம் மழை. சர்வீஸ் இப்போது இல்லை என்று சொல்ல சுனில் அய்யேயிடம் போனேன். சிங்களவர், எங்கள் எல்லாருக்கும் அண்ணன் மாதிரி. மெஷின்களின் பராமரிப்பு அவர் பொறுப்பு. தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறார். எந்த வேலையை யார் தள்ளிப்போட்டாலும் அதில் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார். கணக்குப் பகுதியில் நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

"மாத்தயா, சர்வீஸ் லிஸ்ட்ல மூணாவது பாருங்க. கதவு சுவிட்ச். கதவு தொறந்தா மெஷின் நிக்கோணும். சில நேரம் நிக்கிறதில்ல."

"ஏப்ரல்ல செய்வம் அய்யே."

"ஏப்ரல்ல அவுருது, புதுவருசம். மெக்கானிக் ஊருக்குப் போனா மாசக் கடைசிதான் வருவார்."

கொழும்பில் இருபது வருடம் இருக்கிறேன். புதுவருடத்துக்கு முன்னும் பின்னும் ஒரு வேலையும் நடக்காதென்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கடதாசியில் ஏப்ரல் முழு மாதம். கொப்பியில் "சர்வீஸ், ஏப்ரல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல வடிவான கையெழுத்து.

ஏப்ரல் 9, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. கணக்கு முடிந்தது, லாபம் போன வருடத்தைவிடக் கூட. டைரக்டர் எல்லாருக்கும் ரிப்பன் கேக் எடுப்பித்தார். நான் இரண்டு துண்டு. போனஸும் வந்தது.

அச்சு மெஷினில் வேலை செய்யும் செல்வி போனஸ் வாங்க வந்தாள். அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, கொட்டாஞ்சேனையில் நான்கு பேரோடு ஒரு அறை. சீட்டில் அழகாகக் கையெழுத்து வைப்பாள், "செ"யின் கொம்பு மட்டும் பெரிசு. "அம்மாவுக்குச் சேலை எடுக்கணும் சார். நாளைக்கு ராத்திரி பஸ்ஸு."

எனக்கும் சந்தோஷம். என்னால்தான் என்று ஒரு நினைப்பு வேறு.

ஏப்ரல் 21, செவ்வாய்

புதுவருட லீவு முடிந்து நேற்றுத்தான் மெஷின் திரும்ப ஓடத் தொடங்கியது. மெக்கானிக் இன்னும் வரவில்லை.

பதினொரு மணி இருக்கும். கீழே சத்தம். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, கணினியில் வேலையைச் சேமித்தேன். அதைத்தான் முதலில் செய்தேன்.

சவர்க்காரம் ஒன்று அச்சில் சிக்கியிருக்கிறது. செல்வி கதவைத் திறந்து கையை விட்டிருக்கிறாள். மெஷின் நிற்கவில்லை.

வலது கை.

பகல் சாப்பாட்டைத் திறக்காமல் திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஏப்ரல் 23, வியாழன்

ஆஸ்பத்திரி. இரண்டு விரல் எடுத்தாயிற்று. தோடம்பழம் கொண்டுபோனேன். உரிக்க அவளுக்குக் கை இல்லை என்று அங்கே போன பிறகுதான் உறைத்தது. நானே உரித்துக் கொடுத்தேன்.

"என் தப்புதாங்க சார். ஊருக்குப் போயிட்டு வந்து கைப்பழக்கம் விட்டுப்போச்சு. சுனில் அய்யாவ ஒண்ணும் சொல்லிடாதீங்க."

சர்வீஸைத் தள்ளியது நான்தான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். "நாளைக்கும் வாறன்" என்றேன். கோழை.

ஏப்ரல் 24, வெள்ளி

மழை இருட்டு. செல்வி கையெழுத்துப் போட டைரக்டர் ஒரு கடிதம் தயாரித்திருந்தார். ஊழியரின் கவனக்குறைவே காரணம், கம்பனி மனிதாபிமானத்தில் உதவும் என்று.

"கம்பனியில பிழை எண்டு வந்தால் நட்டஈடு, விசாரணை, இந்த வருசக் கணக்கும் போச்சு. அந்த சர்வீஸ் லிஸ்ட் ஃபைல்ல இருக்கத் தேவையில்லை, என்ன?"

லிஸ்டை எடுத்துக் கொடுத்தேன். கடிதத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். செல்வி வாசிக்கவில்லை. "நீங்க கொண்டாந்தா சரியாத்தாங்க இருக்கும்." கையெழுத்துப் போட முடியாது. இடது பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றினேன். கீழே, சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து.

வீட்டில் மனுசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வேலை போனால் மகளின்ர ஸ்கூல் பீஸுக்கு என்ன செய்யிறது?" என்றாள். பிறகு, "அந்தப் பிள்ளை இனி எந்தக் கையால சோறு சாப்பிடும்?" என்றாள்.

ஏப்ரல் 28, செவ்வாய்

மெக்கானிக் வந்தார். சுவிட்ச் மாற்ற இருபது நிமிடம். பில் என் மேசைக்குத்தான் வந்தது. அன்றைய கேக்கின் விலைகூட இல்லை. கேக்கின் பில்லைத் தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்?

நாளை தொழில் கந்தோரில் விபத்து விசாரணை. வீட்டுக்குப் போகும் நேரம் சுனில் அய்யே ஒரு சிலிசிலிப் பொலித்தீன் பையைத் தந்தார். உள்ளே சீ.ஆர். கொப்பி. டைரக்டருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"எனக்கு ரெண்டு வருசத்தில பென்சன் வயசு, மாத்தயா. நான் குடுக்க ஏலாது. எரிக்கவும் ஏலாது. நீங்க பாருங்க."

பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். இப்போது மேசையில், இந்த டயரிக்குப் பக்கத்தில்.

ஏப்ரல் 29, புதன்

வானம் மூட்டம், மழை இல்லை. நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு போனேன், கல்யாண வீட்டுக்குப் போவது மாதிரி.

செல்வியும் வந்திருந்தாள். கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் தாங்கியபடி. எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

அதிகாரி சிங்களத்தில் கேட்டார், இந்த மெஷினின் சர்வீஸ் ஏதும் பிற்போடப்பட்டதா என்று. டைரக்டர் "இல்லை" என்றார். அப்படியே என்னைப் பார்த்தார்.

பையிலிருந்து கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். அதிகாரி பக்கத்தைப் புரட்டி நிறுத்தினார்.

"இது யாருடைய கையெழுத்து?"

என்னுடையது என்றேன். செல்வியின் கடிதத்தில் சாட்சி என்று கிடப்பதும் என்னுடையதுதான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.