அறுபத்தொரு கலயங்களின் படங்களை மீட்டுத் தரக் கோரி

அனுப்புநர்:
தினேஸ்வரி த/பெ பத்துமலை,
ஆயர் தாவார், பேராக்.

பெறுநர்:
திட்ட இயக்குநர்,
சுங்கை நீலா தோட்ட மயான இடமாற்றத் திட்டம்,
ஈப்போ.

பொருள்: அழிக்கப்பட்ட கல்லறைப் படங்களை நவம்பர் 27-க்குள் மீட்டெடுத்தல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தின் மயானம் வீடமைப்புக்காகக் காலி செய்யப்பட்டபோது, அறுபத்தொரு பேரின் எலும்புகளை எடுத்து, எண் ஒட்டிய கலயங்களில் இட்டு, ஜெலாப்பாங் கிடங்கில் வைத்தீர்கள். எந்த எண் யாருடையது என்பதைச் சொல்பவை, அன்று எண்ணும் பெயரும் எழுதிய அட்டையோடு எடுத்த கல்லறைப் படங்கள் மட்டுமே. கல்லறைகளை இடித்தாகிவிட்டது. பெயர் பொறிக்காத பத்தொன்பது குழிகளை அடையாளம் காட்டிய திரு. கார்த்திகேசுவும் ஆகஸ்டில் இறந்துவிட்டார்.

2. கணினித் துறையில் வேலை செய்கிறேன் என்பதால், அப்படங்களைச் சேமிக்கும் ஏற்பாட்டை உங்கள் அலுவலகம் என்னிடம் ஒப்படைத்தது. மூன்று கிளவுட் சேவைகளை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தேன். அது மட்டும் போதாது என்பதால், தினமும் மாலையில் வேறோர் இடத்துக்கு நகல் எடுக்கும் சிறிய நிரல் ஒன்றையும் நானே எழுதினேன். சனிக்கிழமைதோறும் நகலிலிருந்து ஒரு படத்தைத் திரும்ப எடுத்துச் சரிபார்த்தேன்.

3. செப்டம்பரில் உங்கள் உதவியாளர் திரு. சுகுமாரன், அது "அனுமதி பெறாத மென்பொருள்" என்று நிரலை நீக்கச் சொன்னார். நகல்களையும் அழிக்க வைத்தார். "எல்லாம் கிளவுட்ல பத்திரமா இருக்கு லா, அக்கா. ஒரே படத்த எதுக்கு ரெண்டு எடத்துல வச்சிக்கிட்டு?" என்றார். ஒரு கணினியில் அழித்தால் கிளவுடிலும் அழிந்துவிடும், அதை நகல் என்று நம்பாதீர்கள் என மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை. கடைசியில் நீக்கிவிட்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்காக இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

4. அக்டோபர் 28 அன்று, தீபாவளி விருந்து வீடியோவை ஏற்ற அலுவலக மடிக்கணினியில் இடம் இல்லை என்று, திரு. சுகுமாரன் எங்கள் படங்கள் இருந்த கோப்புறையை அழித்தார். கிளவுடிலும் போய்விட்டது. நீங்கள் எல்லோரும் முறுக்கு தின்னும் வீடியோ பத்திரமாக இருக்கிறது.

5. அழித்தவை அச்சேவையின் குப்பைத் தொட்டியில் முப்பது நாள் மட்டுமே கிடக்கும். இன்று இருபத்து நான்காம் நாள். கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் நீங்கள் ஒருவர்தான் மீட்க முடியும். நான்கு முறை நேரில் வந்தேன். "கூட்டத்தில் பேசுவோம்" என்றே திருப்பி அனுப்பினார்கள். கூட்டமோ டிசம்பர் 3-ஆம் தேதி! அன்று பேசுவதற்கு என்ன மிச்சம் இருக்கும், ஐயா?

6. என் அம்மா நவமணி அக்கலயங்களில் ஒன்றில் இருக்கிறார். எண் 37 என்று நினைக்கிறேன். 31 ஆகவும் இருக்கலாம். நகல் வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான், அம்மாவின் எண்ணை ஒரு துண்டுத்தாளில்கூட எழுதி வைக்கவில்லை. ஜனவரியில் மறு அடக்கம். எந்தக் கலயத்தைத் தூக்குவது என்று அப்பா தினமும் கேட்கிறார்.

ஆகவே, தங்கள் கடவுச்சொல்லை இட்டு, "மீட்டெடு" என்பதை அழுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்று நிமிட வேலை. வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பாவுடன் தங்கள் அறை வாசலில் இருப்பேன். அவர் கேட்பதற்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

இடம்: ஆயர் தாவார்
நாள்: 21.11.2025

இப்படிக்கு,
(கையொப்பம்)
தினேஸ்வரி த/பெ பத்துமலை