சிப்பியும் புளியங்கொட்டையும்

திருகோணமலை,
1982 ஆவணி.

என் மச்சான் ஸுஹைருக்கு,

குவைத்து வெயிலில் அல்லாஹ் உங்களுக்கு நிழலாய் இருக்கட்டும். நானும் நம் மகள் றஹ்மாவும் மாமியும் சுகம். மாமியின் முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மூதூரிலிருந்து லாஞ்சிப் படகில் எண்ணெய் எடுப்பித்துத் தேய்த்துவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உங்கள் கையெழுத்துக்காக. பிறகுதான் அதில் எழுதியிருந்ததற்காக. "போதை கூடாதென்று பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாய். அதனால் ஒரு பிள்ளையாவது தப்பியதற்கு என்ன அத்தாட்சி? வீட்டுக்குள்ளேயே என் தம்பி ஹெரோயின் தூள் குடித்துத் திரிகிறானே" என்று கேட்டிருந்தீர்கள். கோபத்தில் கேட்டது என்று தெரியும். ஆனாலும் நியாயமான கேள்வி. வகுப்புக்குள் காலை வைக்கும்போதெல்லாம் நானும் அதைத்தான் என்னிடம் கேட்கிறேன். ஆகையால் முதலிலிருந்து எழுதுகிறேன். கடிதம் நீளும். உங்களோடு கதைக்க எனக்கு வேறு வழி ஏது?

போன வருடம் ஓர் அதிகாரி வந்து மண்டையோட்டுப் படங்களும் செத்தவர்களின் படங்களும் காட்டிப் பேசினார். பிள்ளைகள் பயந்துதான் போனார்கள். ஆனால் மணி அடித்ததும் கடைசி வாங்கில் இருக்கும் பொடியன்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, "அது என்ன வாசம் டீச்சர்? நிலாவெளியில வெள்ளைக்காரரிட்ட மட்டுமா இருக்குது, எங்கட துறைமுக ஜெட்டியிலயும் இருக்குதா?" என்று கேட்டார்கள். தூளின் பேர் தெரியாத பிள்ளைகளுக்கும் அன்று பேர் தெரிந்துவிட்டது.

பக்கத்து வகுப்பு அன்னலட்சுமி டீச்சரும் நானும் யோசித்து ஒரு வேலை செய்தோம். "நம்மட வயசுப் பொடியன்கள்ல எத்தனை பேர் கஞ்சாவோ தூளோ தொட்டிருப்பாங்க?" என்று என் ஒன்பதாம் வகுப்பைக் கேட்டேன். பாதிப்பேர் என்றார்கள். எல்லாரும்தான் என்று ஒருவன் சொன்னான். அதன்பின் ஆளுக்கொரு புளியங்கொட்டையும் ஒரு சிப்பியும் கொடுத்தேன். துணி மூடிய இரண்டு சட்டிகள் வைத்தேன். முதல் சட்டிக்குள் கைவிட்டு, தொட்டவர் சிப்பியையும் தொடாதவர் புளியங்கொட்டையையும் போட வேண்டும். மிஞ்சியதை மற்றச் சட்டிக்குள் போட வேண்டும். சத்தம் காட்டிக்கொடுக்காமல் இருக்க இரண்டிலும் மணல் போட்டிருந்தேன்.

பிள்ளைகளுக்கு முன்னாலேயே முதல் சட்டியை மேசையில் கவிழ்த்தேன். மணலுக்குள் புளியங்கொட்டைதான் குவிந்து கிடந்தது. சிப்பியைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எல்லாரும்தான் என்று சொன்ன அதே பொடியன் எழும்பி, "அப்ப தொடாதவன் நான் மட்டும் இல்லையா டீச்சர்? நான் பயந்தாங்கொள்ளி இல்லையா?" என்று கேட்டான். மச்சான், மண்டையோட்டுப் படத்தைப் பார்த்தபோது அந்தப் பிள்ளையின் முகத்தில் வராத நிம்மதி அப்போது வந்தது.

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருநாள் பாடம் எடுத்தேன். பாடம் என்பதைவிட விளையாட்டு என்று சொல்லலாம். ஒருவன் கூட்டாளியாக வந்து, "ஒருக்கா மட்டும் இழுத்துப் பார், நீ ஆம்பிளையா இல்லையா?" என்று நெருக்குவான். மற்றவன் சண்டை பிடிக்காமல், முகத்தை முறிக்காமல் தப்ப வேண்டும். கூடாது என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். கூட்டாளியை இழக்காமல் எப்படி வேண்டாம் என்று சொல்வது என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்பப் பழகினோம். முதலில் சிரிப்பும் கும்மாளமும்தான். போகப் போக உண்மையாகவே யோசித்துப் பதில் சொன்னார்கள்.

அன்னலட்சுமியின் வகுப்பும் அன்றைக்கே தன் சட்டியில் போட்டிருந்தது. அதை நாங்கள் ஓய்வறையில் கொட்டிப் பார்த்தோம். கிட்டத்தட்ட என் வகுப்பைப் போலத்தான் இருந்தது. அவர்களுக்கு அதிகாரியின் பேச்சைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. இந்த வருடம் இரண்டு வகுப்பிலும் மறுபடி போடச் சொன்னோம். உள்ளதைச் சொல்கிறேன். என் வகுப்பிலும் சிப்பி கொஞ்சம் கூடித்தான் இருந்தது. பிள்ளைகள் வளர்கிறார்கள், துறைமுகமும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அன்னலட்சுமியின் சட்டியில் அதைவிடக் கூட. பெரிய வித்தியாசம் என்று பெருமையடிக்க ஏலாது. பள்ளிக்கூட அதிபர் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். அன்னலட்சுமி அவரிடம், "ஓம் சேர், இவ்வளவுதான். அந்த இவ்வளவுக்குள்ள உங்கட பிள்ளை இருந்தா?" என்று கேட்டுவிட்டா. இப்போது அவவின் வகுப்புக்கும் அதே பாடம் நடக்கிறது.

என்னிடம் உள்ள அத்தாட்சி இதுதான் மச்சான். தப்பிய பிள்ளை யாரென்று எனக்குத் தெரியாது, அந்தப் பிள்ளைக்கே தெரியாது. விழுந்தவனைத்தான் ஊர் காணும்.

இனி உங்கள் தம்பி ஜெமீலின் கதை. கசெற் றெக்கோடரை அவன் விற்றுவிட்டான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, அவன் பேரை எடுக்காதே என்று எழுதுகிறீர்கள். எனக்கும் அவன்மேல் அந்தக் கோபம் இருந்தது. றஹ்மாவுக்கு நீங்கள் என்றால், நீங்கள் பேசி அனுப்பும் கசெற்றைப் போடும் அந்தப் பெட்டிதானே. வாப்பா எங்கே போனார் என்று அலுமாரிக்குள்ளும் கட்டிலுக்குக் கீழேயும் தேடினாள். நானும் தேடினேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். உங்கள் குரல் இல்லாத வீட்டில் கப்பல் சங்கு மட்டும் ஊதிக்கொண்டிருந்தது.

போன மாதம் ஒருநாள் பின்னேரம் அசர் தொழுகை முடிந்த நேரம் அவன் வந்து கிணற்றுக்கட்டில் குந்தினான். எலும்பும் தோலுமாக இருந்தான். தூள் கொடுப்பவர்கள் பொட்டலம் கொடுத்து, பள்ளிக்கூட மைதானத்தில் விற்றுவிட்டு வந்தால்தான் உனக்குத் தூள் உண்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதை அவன் வாயால் கேட்டதும் அறையக் கையை ஓங்கிவிட்டேன். அவன் முகத்தை விலக்கவில்லை. "அடியுங்க மதினி, ஆனா முழுக்கக் கேட்டுட்டு அடியுங்க" என்றான்.

என் வகுப்புப் பிள்ளை ஒருவனிடம் பொட்டலத்தை நீட்டியிருக்கிறான். அந்தப் பொடியன் ஓடவும் இல்லை, ஏசவும் இல்லை. "எனக்கு வேணாம் காக்கா. எங்களுக்குப் பந்தடிக்க ஓராள் குறையுது, நீங்க வாறீங்களா?" என்று, கூடப்பிறந்த அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் கேட்டிருக்கிறான். நாங்கள் பழகிய பதில் அதுதான்: பொருளைத் தள்ளு, ஆளைத் தள்ளாதே.

ஜெமீல் அதைச் சொல்லும்போது முதலில் சிரித்தான். பிறகு, "எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்னை ஒருத்தன் விளையாடக் கூப்பிட்டான் மதினி. எனக்கு ஓட மூச்சில்லை" என்று சொல்லி விம்மினான். பொட்டலத்தைக் கடலில் எறிந்துவிட்டு நேரே வந்திருக்கிறான். "இண்டைக்கே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு மனசு மாறிடும்" என்றான். மாமி குசினி அடுப்பை விட்டு, தன் முழங்காலையும் மறந்து ஓடி வந்தா. அன்றைய ரயிலிலேயே மூன்று பேரும் கொழும்புக்குப் போய் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். றஹ்மாவை அன்னலட்சுமி வைத்துக்கொண்டா.

முதல் கிழமை அவன் பட்ட பாட்டை எழுத மாட்டேன். இப்போது சோறு தின்கிறான். டொக்டர் ஒன்றும் உறுதி சொல்லவில்லை. திரும்ப விழுவார்கள், திரும்ப எழும்புவார்கள், வீட்டார் கைவிடக்கூடாது என்றார். ஒரு பிள்ளையின் ஒரு பதிலை வைத்து என் பாடம் வென்றது என்று நான் சொல்லவில்லை மச்சான். உங்கள் வாப்பா மௌத்தாகி அடக்கமான பின், ஜெமீல் எட்டாம் வகுப்போடு ஜெட்டிக்கு வேலைக்குப் போனபோது இந்தப் பாடம் ஒரு பள்ளிக்கூடத்திலும் இருக்கவில்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் தெரியாது. இருந்திருக்கலாம் என்றுதான் மனம் கிடந்து அடிக்கிறது.

பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும், "காக்கா ஏதும் எழுதினாரா?" என்று கேட்கிறான். தபால் சுணங்குகிறது என்று சொல்லிவிட்டு வருகிறேன். அவனுக்கு இரண்டு வரி எழுதுங்கள். மன்னித்துவிட்டேன் என்று எழுத ஏலாவிட்டால், தின்றாயா, நித்திரை வருகிறதா என்றாவது கேட்டு எழுதுங்கள்.

நேரமில்லை என்றால் இந்த மாதம் எனக்கு எழுத வேண்டாம். எனக்கு ஒதுக்கும் நேரத்தை அவனுக்குக் கொடுங்கள். எனக்குக் கடிதம் போதாது மச்சான். என்னிடம் நீங்களே வாருங்கள்.

துஆவோடு,
உங்கள் றம்ஸியா.