அப்பாவின் சாக்ஸில் ரத்தம்

செவ்வாய், இரவு.

சாயங்காலம் அப்பாவின் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் ரத்தம். எங்கள் வீட்டுப் பூனைக்குட்டி கடித்திருக்கிறது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர், அவருக்குத் தெரியவே இல்லை. "வலிக்கவே இல்லம்மா, குட்டிதானே, வுடு" என்று சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சோப்புப் போட்டுக் கழுவி, விவேக் நகர் டாக்டரிடம் ஆட்டோவில் கூட்டிப்போய் ஊசி போட்டு வந்தோம். வந்ததும் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "போர்வைக்குள்ள விரல ஆட்டி ஆட்டி நீங்கதான் இத கடிக்கப் பழக்குனீங்க!"

அவர் என் மேஜைக்கடியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதுதான் இன்னும் எரிகிறது. வீட்டிலிருந்தே பார்க்கிற ஆபீஸ் மீட்டிங் முழுக்க மேஜைக்கடியில் கால் விரலை ஆட்டி அதோடு விளையாடுவது யார் என்று அவருக்குத் தெரியும்.

இப்போதும் அங்கேதான் பதுங்கியிருக்கிறது, சனியன். என் காலையே பார்க்கிறது.